வேப்பெண்ணெய் குடித்த வேன்

நெல்லுக்குப் போடுகிற யூரியாவைத் தண்ணீரில் கரைத்து டீசல் வேனுக்கு ஊற்றிய அறிவாளி நான்தான். இரண்டு வருஷமாக இந்தக் கதையை ஊரில் வேறு யாரோ செய்தது போலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து அந்த 'யாரோ'வைத் திட்டிவிட்டுச் சிரித்தேன். போன மாசம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி பக்கத்தில் வந்து நின்று முழுசாகக் கேட்டாள். "அந்த ஆளு யாருன்னும் சொல்லிடுங்க" என்றாள், உள்ளே போய்விட்டாள். அதனால் சொல்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கு இதை எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. அதில் முக்கால்வாசி என்மேல்.

கடலூர் செம்மண்டலத்தில் வீடு. இருபது சீட் வேன் ஒன்று சொந்தமாக ஓட்டுகிறேன். காலையில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஆட்களை ஏற்றிச் சிதம்பரத்தில் இறக்குவேன், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். டீச்சர்கள், பேங்க்காரர்கள், கடைகளில் கணக்கெழுதுகிறவர்கள். என் மனைவியும் அதே வேனில்தான் வருவாள். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலை. அவள் இடம் கடைசி வரிசையில் இடது மூலை. மற்ற சீட்டெல்லாம் மாசச் சந்தா கட்டுகிறவர்களுக்கு, ஆகையால் ஓனர் சம்சாரத்துக்குக் கிடைத்தது அதுதான். "ஓனர் பொண்டாட்டி கடைசி சீட்டுல வர்றாங்களேன்னு ஜனங்க பெருமையா பேசுறாங்க" என்று ஒருநாள் அவளிடம் அவிழ்த்துவிட்டேன். "அப்ப நீங்களும் பின்னால வந்து உக்காந்து ஓட்டுங்க, இன்னும் பெருமையா பேசுவாங்க" என்றாள்.

அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங் உண்டு. பையில் எப்போதும் வாயில் வைத்து மருந்தை இழுக்கிற ஒரு பம்ப் இருக்கும். பனிக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை எடுப்பாள், மற்ற நாளில் அது பையிலேயே தூங்கும். இந்தக் கதையில் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பம்ப் ஒன்றைத்தான். மீதியெல்லாம் என் கோமாளித்தனம்.

புது வேன் வாங்கியபோது டீசல் டேங்க் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு சின்ன டேங்க் இருந்தது. இதில் யூரியாத் தண்ணி ஊற்ற வேண்டும், தீர்ந்தால் வண்டி மக்கர் பண்ணும் என்று ஷோரூம் பையன் சாவி கொடுக்கிற அவசரத்தில் சொன்னான். எதற்கு என்று நானே தேடித்தேடிப் படித்தேன். படித்ததைச் சும்மா வைத்திருக்கிற ஆளா நான். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் வேன் முழுக்கப் பாடம் நடத்திவிட்டேன்.

டீசல் எஞ்சினுக்குள் சூடு ஜாஸ்தி. காற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அண்டை வீட்டுக்காரர்கள் மாதிரி அவரவர் பாட்டுக்கு இருப்பவை. அந்தச் சூட்டில் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு நைட்ரஜன் ஆக்சைடாக வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சுக்குத் தெரியும். அதைப் பிரித்துவைக்கத்தான் இந்த ஏற்பாடு. யூரியாத் தண்ணி சூடான புகைக்குழாயில் தூறலாக விழுந்து அம்மோனியாவாக மாறும். பிறகு தேன்கூடு மாதிரி துளைத்துளையாக இருக்கிற ஒரு பெட்டிக்குள் அந்த ஆக்சைடும் அம்மோனியாவும் சேர்ந்து போகும். அந்தத் தேன்கூட்டின்மேல் பூசியிருப்பதுதான் வினையூக்கி. கல்யாணத் தரகர் மாதிரி என்று சொன்னேன். இந்தப் பக்கத்து ஆளையும் அந்தப் பக்கத்து ஆளையும் உட்கார வைத்துப் பேசிக் காரியத்தை முடித்துவிடுவார், அவர் மட்டும் கசங்காத சட்டையோடு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். குழாய்க்கு வெளியே வருவது வெறும் நைட்ரஜனும் நீராவியும். எல்லாரும் கேட்டார்கள். பேங்க் சார் ஒருவர் கைகூடத் தட்டினார். கடைசி சீட்டிலிருந்து என் மனைவி, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

இவ்வளவு தெரிந்தவன்தான் அதைச் செய்தான். அதுதான் எரிகிறது.

நாங்கள் பயிர்வைக்கிற குடும்பம். நான் ஸ்டியரிங் பிடிக்க வந்துவிட்டேன், அண்ணன் மட்டும் குறிஞ்சிப்பாடிக்கு அந்தாண்டை இன்னும் நெல் வைக்கிறார். எங்கள் வீட்டில் யூரியா என்பது உரமில்லை, மருந்து. பயிர் வெளிறினால் யூரியா. வைக்கோலில் சத்து இல்லையென்றால் யூரியாவைக் கரைத்துத் தெளித்து மூடிவைத்து மாட்டுக்குப் போடுவது. அப்படி வளர்ந்தவனுக்கு, மாசத்துக்கு இரண்டு கேன் யூரியாத் தண்ணியைக் காசு கொடுத்து வாங்குகிறபோதெல்லாம் தோன்றியது ஒன்றுதான்: ஏமாத்துறானுங்க. அண்ணன் கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே.

அரை மூட்டை கொண்டுவந்தேன். மாடியில் பிளாஸ்டிக் டிரம் வைத்து, வீட்டு போர்த் தண்ணீரை ஊற்றி, மூன்றில் ஒரு பங்கு யூரியா என்று தராசில் நிறுத்துப் போட்டு, துடுப்புக் கட்டையால் கலக்கி, என் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன். வேட்டியில் வடிகட்டினால் கம்பெனித் தரம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. லேசாக வேப்பெண்ணெய் வாடை வந்தது. மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வேம்பு பூசிய யூரியா என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. வயலில் சீக்கிரம் கரைந்து வீணாகாமல் இருப்பதற்காகப் பூசுவது. நான் அதைப் படிக்கவில்லை என்று சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். படித்தேன். படித்துவிட்டு, வேம்பு நல்லதுதானே என்று நினைத்தேன். அம்மை வந்தால் வேப்பிலை, வயிற்றுப் பூச்சிக்கு வேப்பங்கொழுந்து, பல்லுக்கு வேப்பங்குச்சி. வேனுக்கு மட்டும் கெடுதலா செய்துவிடப் போகிறது.

ஒரு மாசத்துக்கு மேல் ஓடியது. அந்த ஒரு மாசமும் டீக்கடையில் நான் விஞ்ஞானி. மூன்று வேன்காரர்கள் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டவர்கள் ஒருத்தரும் செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என் வேன் என்னாகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று காத்திருந்தார்களாம். அவர்களுக்கு இருந்த அந்தக் கொஞ்சூண்டு புத்தி எனக்கு எங்கே போனது என்று தெரியவில்லை.

தீபாவளி முடிந்த வாரம், டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையும் என்று விட்டேன். மூன்றாம் நாள் ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் வண்டியே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தரைதான் தட்டுகிறது, வண்டி இருபதுக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. புகை சரியில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தால் அப்படித்தான் இழுத்துப் பிடிக்கும். மொபெட்டில் மீன் கூடை கட்டிக்கொண்டு போன ஓர் அம்மா எங்களைத் தாண்டினார். தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, அந்தம்மா நம்மள ஏத்திக்குவாங்களான்னு ஒரு வார்த்த கேளு" என்றார் பேங்க் சார். சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் முதல் பீரியடே முடிந்திருந்தது.

செம்மண்டலத்திலிருந்து பண்ருட்டி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் மச்சானுடைய ஒர்க்‌ஷாப். மச்சான் என்றால் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. நல்ல கைக்காரன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். நீல மூடியைத் திறந்து முகர்ந்தான், என்னைப் பார்த்தான், மறுபடி முகர்ந்தான். "இன்னா மாமா, தீபாவளிக்கு வண்டிக்கும் எண்ண தேச்சு உட்டீங்களா" என்றான். ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டு முகரச் சொன்னான். யூரியாத் தண்ணியைத் தெளிக்கிற மூக்கைக் கழற்றியபோது உப்பளத்துக் கரை மாதிரி வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தேன்கூட்டுப் பெட்டியில் துளைகள் அடைத்து, போர்த் தண்ணியின் உப்பும் வேப்பெண்ணெயும் சேர்ந்து காய்ந்து கிடந்தன. பூச்சு செத்துவிட்டது, கழுவினால் வராது, புதுசுதான் போட வேண்டும் என்றான். அதன் விலையைச் சொன்னான். நான் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் மச்சான் அந்த யோசனையைச் சொன்னான். பெட்டியை அறுத்து உள்ளே இருப்பதை உருவிவிட்டு, மறுபடி வெல்டு வைத்துவிடலாம், வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் கேள்வி கேட்காமல் இருக்க சோப்பு டப்பா அளவில் ஒரு சின்னப் பொட்டி மாட்டிவிட்டால் போதும். டேங்க் நிறைய தண்ணி இருக்குது, வினையூக்கி வேலை செய்யுது, எல்லாம் சௌக்கியம் என்று அது நாள் பூராவும் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். இனிமேல் யூரியா வாங்குகிற தொல்லையே கிடையாது. பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றுகிற லாரிக்காரர்கள் வரிசையில் நின்று இதைச் செய்துகொண்டு போகிறார்கள் என்றான்.

செய்துவிடு என்று நான் சொன்னேன். அக்காவிடம் சொல்லாதே என்றதும் நான்தான். அவன் கட்டாயப்படுத்தவில்லை, மிரட்டவில்லை. இதைத் தனியாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பிற்பாடு நான் அவன்மேல் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்தால் தப்பு முழுக்க அவனுடையது என்று உங்களுக்குத் தோன்றும்.

வண்டி குதிரை மாதிரி ஓடியது. எனக்கு உள்ளூர ஒரு பயம் மட்டும் இருந்தது, புகைச் சான்றிதழ். ரோட்டோரம் வண்டியில் மெஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அங்கே போய் நின்றேன். மெஷின்காரர் குழாயில் கம்பியை விட்டார், முடுக்கச் சொன்னார், பேப்பரை நீட்டினார். பாஸ். அந்த மெஷின் புகையின் கறுப்பை மட்டும்தான் அளக்குமாம். என் வேனிலிருந்து வந்த விஷத்துக்கு நிறமே கிடையாது. நிறமில்லாதது இல்லாததாக ஆகிவிட்டது. அந்தப் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மூன்று மாசம் ஓட்டினேன். கறுப்பு என்றால் கெடுதல், கறுப்பு இல்லையென்றால் சுத்தம் என்று நினைக்கிற இந்தப் புத்தி எந்தக் காலத்தில்தான் நம்மைவிட்டுப் போகும் என்று இப்போது கேட்கிறேன். அன்றைக்கு அதற்காகத்தான் அந்த மெஷின்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மார்கழியில் அவள் இரும ஆரம்பித்தாள். பம்ப் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என்பது போய் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, தை பிறந்தபோது தினமும் ஆனது. வேனிலிருந்து இறங்கும்போது கண் சிவந்திருக்கும். என் வைத்தியம் தொடங்கியது. முதலில் பனி என்றேன். பிறகு முந்திரி பூத்திருக்கிறது, அந்த மகரந்தம் என்றேன். நாலு வழிச்சாலைக்குத் தோண்டுகிற புழுதி என்றேன். வாழைப்பழத்தை நிறுத்து என்றேன், தயிரை நிறுத்து என்றேன். அவள் நிறுத்தினாள். அந்தத் தயிரை நான் சாப்பிட்டேன்.

வேனின் பின்கதவு ரப்பர் ஓரத்தில் கிழிந்திருந்தது எனக்குத் தெரியும். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்று சுருண்டு திரும்பி உள்ளே வரும் என்பதும் தெரியும். புகைக்குழாய் இடது பக்கம் என்பதும் தெரியும். எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒரு பதில் வருமென்று பயந்து, சேர்க்காமல் வைத்திருந்தேன்.

தை மாசக் கடைசியில் ஒரு சர்ச் ஆட்களை வேளாங்கண்ணிக்கும் அங்கிருந்து இன்னும் சில மாதா கோவில்களுக்கும் அழைத்துப்போகிற டிரிப் வந்தது. ஆறு நாள். சிதம்பரம் ஆட்களுக்கு வேறு வேன் பிடித்துக் கொடுத்தேன். அதில் இடம் பத்தவில்லை என்பதால் என் மனைவி கவர்மென்ட் பஸ்ஸில் போய் வந்தாள். நான் திரும்பி வந்த மறுநாள் காலையில் அவள் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்னால் யூரியாத் தண்ணி வந்த கேனை அறுத்துத்தான் அவள் தண்ணீர் மொள்ளுவாள். அந்தக் கேனைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"இந்தக் கேனு முன்னெல்லாம் மாசத்துக்கு ரெண்டு வரும். அப்புறம் நீங்க டிரம்முல கரச்சீங்க. இப்ப கேனும் வரல, டிரம்மும் காஞ்சு கெடக்குது. வண்டி எத குடிச்சிட்டு ஓடுது?"

வண்டி விரதம் இருக்கிறது என்றேன். எந்த ஜோக்குக்கும் உதட்டோரமாவது அசைகிறவள். அசையவில்லை.

"ஆறு நாளு பஸ்ல போனேன். நாலு நாளு நின்னுக்கிட்டே போனேன். பம்ப வெளிய எடுக்கல. இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க வண்டியில?"

லேபில் வேலை செய்கிறவளிடம் பொய் சொல்வதில் ஒரு சிரமம் உண்டு. அவர்கள் எண்ணிவைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள். சொல்லிவிட்டேன். பெட்டியை அறுத்தது, உருவியது, பொய் சொல்கிற பொட்டி, எல்லாம். கேட்டுக்கொண்டே மூன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"தெரிஞ்சுதான் என்ன கடைசி சீட்டுல ஏத்துனீங்களா?"

இல்லை, தெரியாது என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஆலப்பாக்கம் வரைக்கும் தரகர் கதை சொன்னவன் யார். நெஞ்சுக்குத் தெரியும் என்று வசனம் பேசியவன் யார். அந்தக் கேள்விக்கு நான் அன்றும் பதில் சொல்லவில்லை, இன்றும் சொன்னதில்லை.

யார் அறுத்துக் கொடுத்தது என்று கேட்டாள். உன் தம்பி என்றேன். சொல்லும்போதே ஒரு சின்ன நிம்மதி வந்தது எனக்கு, பாதி பாரத்தை அவன் தலைக்கு மாற்றிவிட்ட நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னை வேன் எடுக்கச் சொன்னாள். ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தியதும், சிதம்பரம் வரைக்கும் போய்விட்டு வரலாம் வா என்று தம்பியைக் கூப்பிட்டாள். கோவிலுக்கு என்று நினைத்துக்கொண்டு அவன் கை கால் கழுவி, சட்டை மாற்றி, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு வந்தான். முன்னால் ஏறப் போனவனிடம் கடைசி வரிசை இடது மூலையைக் காட்டினாள். ஜன்னலையெல்லாம் சாத்தச் சொன்னாள், புழுதிக்குப் பயந்து எங்கள் ஆட்கள் தினமும் சாத்துகிற மாதிரி. தினமும் போகிற வேகத்தில்தான் போக வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஆலப்பாக்கம் வரைக்கும் அவன் பேசிக்கொண்டு வந்தான். புது கியர்பாக்ஸ் ஒன்றைப் பற்றி. பிறகு பேச்சு குறைந்தது. கண்ணாடியில் பார்த்தேன், கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். புதுச்சத்திரத்தில் ஜன்னலை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சாத்து" என்றாள். சாத்தினான். அப்புறம் இருமல். புவனகிரிக்குப் பிரிகிற ரோடு தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால், மாமா கொஞ்சம் நிறுத்துங்க என்றான்.

இறங்கிப் போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலையைப் பிளக்கிறது என்றான். நெற்றி விபூதி வேர்வையில் வழிந்துவிட்டது. அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தான், முகத்தைக் கழுவினான். அப்புறமாவது வாயை மூடியிருக்கலாம்.

"ஊரே செய்யுது அக்கா. நான் ஒருத்தன் செய்யலேன்னா நிக்குமா?"

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஐம்பது வயசு வரைக்கும் யாரையும் கேலி பண்ணியே சமாளித்தவன் நான், குரல் உயர்த்தி எனக்குப் பழக்கமில்லை. கத்தினால் கீச்சென்று வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

"ஊரே செய்யுதுன்னா ஊரு பூரா என் பொண்டாட்டி மூஞ்சிலதான் ஊதுதாடா?"

கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன். வெல்டிங் வைத்த கை விளங்காது என்றேன். அக்காவின் மூச்சைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டவன் என்றேன். பாலத்தில் போன கரும்பு டிராக்டர்காரர் வண்டியை மெதுவாக்கி வேடிக்கை பார்த்தார். நான் அவரையும் திட்டினேன், அவர் புகைக்குழாயையும் சேர்த்து. நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோதுதான் அவள் பேசினாள்.

"நீங்க கத்தாதீங்க. அவன் அறுத்தான், நீங்கதான் ஓட்டுனீங்க."

அதற்கப்புறம் தம்பி பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை, லேபில் ரிப்போர்ட் கொடுப்பது போலச் சொன்னாள்.

"மூணு மாசம் நான் உக்காந்த எடத்துல நீ முக்கா மணி நேரம் உக்காந்திருக்க. திரும்பிப் போவ சொல்லயும் அங்கதான்."

அவன் அவளைப் பார்த்தான். முன்னால் வந்து உட்காருகிறேன் என்று சொல்வான் என்று நினைத்தேன், அல்லது பஸ் ஏறிப் போய்விடுவான் என்று. நேராகப் போய்க் கடைசி வரிசையில் ஏறி, ஜன்னலை அவனாகவே சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். அவன் இருமுகிறபோதெல்லாம் அவள் கை மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். தம்பியில்லையா.

மறுநாளிலிருந்து வேன் வீட்டு வாசலில் நின்றது. புதுப் பெட்டி வரும்வரைக்கும் எடுப்பதில்லை என்று முடிவு. ஆட்களுக்கு போன் போட்டுக் காரணத்தையும் சொன்னேன். அவர்களும் அந்த வேனில்தானே மூன்று மாசம் மூச்சு விட்டார்கள். பாதிப் பேர் என்னைக் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், வாங்கிக்கொண்டேன். என்னைக் கொதிக்கவைத்தவர் பேங்க் சார்தான். "எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடுது, உனக்கு மட்டும் இன்னாப்பா திடீர்னு ஞானம், நாளைக்கு எனக்கு ஆடிட் இருக்குது" என்றார். தரகர் கதைக்குக் கை தட்டிய அதே மனுஷன். புரியாமல் செய்தவன்மேல் இவ்வளவு கோபம் வராது. புரிந்து, கை தட்டி, அப்புறமும் ஓட்டு என்று சொல்கிறவனைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரைத் திட்ட வாயெடுத்துவிட்டு, கண்ணாடியில் என் மூஞ்சி தெரிந்ததால் போனை வைத்துவிட்டேன்.

பெட்டி வர மூன்று வாரம் ஆனது. மச்சானே மாட்டினான். டேங்க்கை இறக்கி, பைப்பைப் பைப்பாகக் கழற்றி, வேப்பெண்ணெய் வாடை போகும்வரை கழுவினான், பின்கதவு ரப்பரையும் மாற்றினான். ஸ்பேனர் வேண்டுமென்றால்கூட என்னைத் தாண்டி வேறு ஆளிடம் கேட்டான். கழற்றிய பொய்ப்பொட்டியைத் துடைத்து அலமாரியில் வைக்கப் போனான், அடுத்த வண்டிக்கு ஆகும் என்று. நான் பிடுங்கித் தரையில் வைத்து சுத்தியலால் ஓங்கி அடித்தேன். முதல் அடி என் கட்டைவிரலில் விழுந்தது. அதற்குத்தான் அவன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். இரண்டாவது அடி பொட்டியில் விழுந்தது. இனிமேல் வருகிற லாரிக்காரர்களுக்கு அறுக்கமாட்டாயே என்று விரலைச் சப்பிக்கொண்டே கேட்டேன். பார்க்கலாம் மாமா என்றான். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சீல் உடைக்காத கேன் வாங்கிவந்து நானே ஊற்றினேன். மறுநாள் காலையில் என் மனைவி வேனைச் சுற்றிவந்து, பழையபடி கடைசி வரிசை இடது மூலையில் ஏறினாள். முன்னால் வந்து உட்கார் என்று கெஞ்சினேன். எங்கே கெட்டதோ அங்கேதான் டெஸ்ட் பண்ண வேண்டும் என்றாள். ஜன்னலையும் சாத்திக்கொண்டாள். அவள் இருமுகிறாளா என்று கேட்க ரேடியோவை நிறுத்தினேன். யாரோ டீச்சர் தும்மினால்கூட பிரேக்கில் கால் வைத்தேன். இந்த ஊரில் ஒரு வேனின் புகை நல்லதா கெட்டதா என்று பார்க்க என் மனைவியின் நெஞ்சை விட்டால் வேறு மெஷின் இல்லை என்று நினைக்க நினைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு மாசம் அப்படிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவையும் பார்த்தாள். வேனால்தான் வந்தது என்று டாக்டரம்மா சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பல காரணம் இருக்கும், நெஞ்சு ஒரு தடவை கோபித்துக்கொண்டால் அதுவாகத் தணிய நாளாகும் என்றாராம். மாசக் கடைசியில் ஒரு சாயங்காலம், எல்லாரையும் இறக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, என்ன ரிசல்ட் என்று கேட்டேன்.

தினமும் எடுத்தது நின்றுவிட்டது என்றாள். இப்போது வாரத்துக்கு நாலு. முன்னால், நான் இந்த வேலையெல்லாம் செய்வதற்கு முன்னால், பனிக்காலத்திலேயே இரண்டு மூன்றுதான். இது பங்குனி முடிகிற நேரம்.

மிச்சம் இருக்கிற தடவையில் ரோட்டில் போகிற மற்ற வண்டிக்கு எத்தனை, என் வண்டிக்கு எத்தனை என்று கேட்டேன். கணக்கைப் பிரித்துக் கொடுத்தால் என் பங்கு குறையும் என்று ஒரு நப்பாசை.

"எல்லாத்தயும் நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.